‘ஃபோர் வீலைத் தொட்டதே இல்லை’ என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள்

கேள்வி: எங்களிடம் ஏழு இருக்கைகள் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி ஒன்று ஒன்பது வருடமாக இருக்கிறது. புதிதாக வாங்கியது, கை மாறவில்லை. 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சர்வீஸ்கூடத் தவறியதில்லை. பில்கள் பெரும்பாலும் இருக்கின்றன. ஃபோர் வீலைப் போட்டதே இல்லை, அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம். டீலர் சொல்வதோ அடிமாட்டு விலை. நாங்களே நேரடியாக விற்றால் நல்ல விலை கிடைக்குமா? விற்பதற்கு முன் எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது?

பதில்:

கிடைக்கும். ஆனால் நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் ஒரு வரி எனக்கு நெருடுகிறது. ஃபோர் வீலைப் போட்டதே இல்லை என்கிறீர்கள். உங்களுக்கு அது பொத்திப் பொத்தி வைத்திருந்ததன் அடையாளம். வண்டி தெரிந்த ஒருவரின் காதில் அது வேறு மாதிரி விழும்: இந்த வீட்டில் ஒன்பது வருடமாக யாரும் திறக்காத அறை ஒன்று இருக்கிறது. அவர் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக வருவதே அந்த அறைக்காகத்தான்.

வண்டியில் 2எச் (இரண்டு சக்கர ஓட்டம்), 4எச் (நான்கு சக்கரம், சாதாரண வேகம்), 4எல் (நான்கு சக்கரம், குறைந்த வேகம், அதிக இழுவை) என்று குறித்த குமிழோ நெம்புகோலோ இருந்தால், தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வகை அது. 2எச்-இல் ஓடும்போது, முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு வேலை கிடையாது. முன் டிஃபரென்ஷியலின் (திருப்பத்தில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) பற்சக்கரங்கள் அசையாமலோ அரைகுறையாகச் சுழன்றுகொண்டோ கிடக்கும். ஆயில் அடியிலேயே தங்கிவிடும். மேலே இருக்கும் பாகங்களும் சீல்களும் காயும். முன் அச்சை இணைக்கும் சிறிய மோட்டார் ஈரம் ஏறி இறுகிப்போகும். அதனால்தான் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் மாதம் ஒரு முறையாவது ஃபோர் வீலைப் போட்டு ஓட்டச் சொல்கின்றன. டொயோட்டாவின் சில வண்டிகளுக்கான கையேட்டில் மாதத்துக்குக் குறைந்தது 16 கிலோமீட்டர் என்று அளவே கொடுத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் வரை கையேட்டைப் புரட்டியிருப்போம்?

நானும் புரட்டவில்லை. என் பழைய வண்டியை விற்கும்போது வாங்க வந்தவர் குமிழை 4எச்-க்குத் திருப்பினார். பச்சை விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. நிலையாக எரிய வேண்டிய விளக்கு அது. ஒன்றும் பேசாமல் குமிழைப் பழையபடி திருப்பிவிட்டு, இறங்கி, விலையைக் குறைத்துச் சொன்னார். பிறகு மெக்கானிக்கிடம் கேட்டால், மோட்டாரைக் கழற்றித் துருவைச் சுரண்டி கிரீஸ் வைக்கும் அரை நாள் வேலையாம். அவர் குறைத்த தொகையில் அந்த வேலையைப் பத்து முறை செய்திருக்கலாம். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் குறைத்திருப்பேன். விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸே போய்விட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆகவே முதல் வேலை, புகைப்படம் எடுப்பதற்கும் முன்னால், வண்டியை மண் தரைக்கோ சரளைக்கல் பாதைக்கோ கொண்டுபோய் ஃபோர் வீலைப் போடுவது. நேராக, மெதுவாகப் போய்க்கொண்டே 4எச் போட்டுப் பாருங்கள். விளக்கு உடனே நிலைக்காவிட்டால் சில மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பற்கள் ஒன்றோடொன்று பொருந்த அவகாசம் வேண்டும். 4எல் போட வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்குரிய முறை கையேட்டில் இருக்கும். முதல் தடவை முனகலும் ‘டொக்’ என்ற சத்தமும் வந்தால் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு முறை போட்டு எடுத்தும் அடங்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். விற்கும் நாள் வரை வாரம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். விளக்கு நிலையாக எரிவதையும் முன் சக்கரங்கள் மண்ணை வாரி இழுப்பதையும் கைபேசியில் இருபது விநாடி படம் பிடித்து வையுங்கள். விளம்பரத்தில் அதைவிடப் பேசும் படம் வேறு இல்லை.

ஒரு எச்சரிக்கை. வாங்க வருபவர் காய்ந்த தார்ச் சாலையில் 4எச் போட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பப் பார்ப்பார். விடாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வளைவில் ஓட வேண்டும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் முறுக்கிக்கொள்ளும். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் திமிறும். அது கோளாறு கிடையாது, ஆனால் தெரியாதவர் கோளாறு என்றே முடிவு கட்டுவார். எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் வகை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. உங்களுடையது எந்த வகை என்பதை விளம்பரத்தில் தெளிவாக எழுதுங்கள். 4எல் இல்லாத வண்டியை மலைக்காட்டுக்கே போகும் என்று விற்றுவிட்டு, பிறகு தொலைபேசியை எடுக்கப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது ஆயில். இஞ்சின் ஆயிலைச் சொல்லவில்லை, அதை எல்லோரும் மாற்றுகிறோம். முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய மூன்றையும் சொல்கிறேன். சாதாரண சர்வீஸ் பட்டியலில் இவை நழுவிப்போவது சகஜம். உங்கள் பில்களை எடுத்து இவை எங்கேனும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அனுபவசாலி ஒருவர் வண்டி பார்க்க வந்ததை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். இஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு பானட்டை மூடினார். பழைய துணி ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பின் டிஃபரென்ஷியலின் ஆயில் பிளக்கைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தார். பிளக்கின் ஓரங்களில் ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் கலையாமல், மேலே மண் கல்லாகப் படிந்திருந்தால், உரிமையாளர் என்ன கதை சொன்னாலும் அந்த ஆயில் பிறந்தது முதல் அங்கேயே இருக்கிறது.

பில்லில் இல்லையென்றால் இந்த மூன்று ஆயில்களையும் இப்போது மாற்றுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வடிகிற ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரல் நுனியில் குத்தும் அளவுக்கு உலோகச் சில்லுகள் வந்தால் விஷயம் வேறு. அதை மறைக்காமல் விலையில் பேசித் தீர்ப்பது நல்லது. கையோடு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிரீஸ் நிப்பிள்கள் இருந்தால் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். முன் சக்கர ஷாஃப்ட்களின் ரப்பர் உறைகள் வெடித்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, நான்தான் நன்றாக வைத்திருக்கிறேனே என்று தோன்றலாம். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001இல் அந்தச் சிந்தனைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது இதுதான்: வண்டியின் லட்சணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் ஒரு சராசரி விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மறுத்து விலகிக்கொள்வார். சந்தையில் மோசமான வண்டிகள் பெருகும். சராசரி இன்னும் இறங்கும். டீலர் உங்களுக்குச் சொன்ன விலையில் அவருடைய லாபமும், பழுது பார்க்கும் செலவும், விற்ற பிறகு வரக்கூடிய தலைவலியும் கழிக்கப்பட்டிருக்கின்றன. அதோடு, அவர் கணக்கில் உங்கள் வண்டியும் அந்தச் சராசரி வண்டிதான். நன்றாக வைத்திருந்தேன் என்ற வாய்ச்சொல்லை எல்லோருமே சொல்கிறார்கள், வைத்திருக்காதவர் உட்பட. உங்களுக்குக் கிடைக்கப்போகும் கூடுதல் தொகை முழுவதும் கண்ணால் காட்டக்கூடியவற்றுக்குத்தான்.

எனவே பில்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஓடோமீட்டர் அளவை வட்டமிடுங்கள். 8,000, 19,000, 31,000 என்று படிப்படியாக ஏறுவதைப் பார்த்தால், மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தொலைந்த பில்களுக்கு வொர்க்‌ஷாப்பின் கணினியில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பழைய விவரம் கிடைக்க வாய்ப்புண்டு. முதல் பக்கத்தில் ஒரு தாள் வையுங்கள்: என்ன செய்தோம், எப்போது, இன்னும் என்ன பாக்கி. பாக்கியை எழுதுவது முக்கியம். பின் கதவில் தூண் உரசிய கோடு, இரண்டாவது வரிசை ஜன்னல் மெதுவாக ஏறுவது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், மற்றதெல்லாம் உண்மை என்று அவர் நம்பத் தொடங்குவார்.

96,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இரண்டு கோடிக்கும் அதிகமான பழைய கார் விற்பனைகளை ஆராய்ந்தது. ஓடோமீட்டரில் ஒவ்வொரு 10,000 மைலைத் தாண்டும்போதும் விலை படியிறங்குவதுபோல் சட்டென்று விழுவதைக் கண்டார்கள். வண்டியில் ஒன்றும் மாறவில்லை. நம் கண் இடது பக்க இலக்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. கிலோமீட்டரில் கணக்கிடுபவருக்கு ஒரு லட்சம் என்பது பெரிய படி. நீண்ட பயணம் ஏதாவது திட்டமிட்டிருந்தால் அதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

இனி செலவு. மூன்று ஆயில்களுக்கு அடுத்து நான் செலவழிக்கச் சொல்வது உட்புறத்துக்கு. குடும்ப வண்டியை வாங்க வருவது குடும்பம். கணவர் பானட்டைத் திறக்கும்போது மனைவி பின் கதவைத் திறப்பார், சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும். இருக்கைகளைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளின் இடுக்கில் ஒன்பது வருடத் தின்பண்டத் துகள்கள் இருக்கும். மூன்றாவது வரிசை மடிந்து நிமிர்கிறதா, அதன் பெல்ட்டுகள் முழு நீளத்துக்கு இழுபடுகின்றனவா என்று சோதியுங்கள். பலர் அந்த வரிசையை வருடக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். வாசனைத் திரவியம் தெளிக்காதீர்கள். எதை மறைக்கிறீர்கள் என்று மூக்கு தேடத் தொடங்கும்.

எரியாத பல்பு, தேய்ந்த வைப்பர் போன்றவற்றை மாற்றிவிடுங்கள். அதிகம் பேச ஒன்றுமில்லை. பெயிண்ட் மட்டும் வேண்டாம். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். தடிமன் அளக்கும் சிறு கருவியை இப்போது சாதாரண வாங்குபவர்கூடக் கொண்டுவருகிறார். சிறிய கீறலுக்காகக் கதவு முழுவதையும் புதிதாக அடித்தால் கருவி இரண்டு மடங்கு காட்டும். பெரிய விபத்தை மூடியிருக்கிறார்கள் என்று அவர் முடிவுக்கு வருவார். அடிப்பகுதிக்குப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிப்பதும் அதே கதைதான்: துருவை மறைக்கவா என்ற கேள்வி வரும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, துருவோ கறையோ உள்ளதை உள்ளபடி படமெடுத்துப் போடுங்கள். இஞ்சினையும் கண்ணாடிபோல் துலக்க வேண்டாம். ஆயில் கசிவைத் துடைத்த மாதிரி இருக்கும்.

டயர் விஷயத்தில் ஃபோர் வீல் வண்டிக்கென்று ஒரு கண்டிப்பு உண்டு. நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்மானம். சுற்றளவு மாறினால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று டிரான்ஸ்ஃபர் கேஸ் வதைபடும். பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டு அழகு காட்டுவது தெரிந்தவரிடம் எடுபடாது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. டயர்களுக்கு ஒன்றிரண்டு வருட ஆயுள் பாக்கியிருந்தால் அப்படியே விடுங்கள். நான்கும் மொட்டையாகிவிட்டால், மலிவான டயர் வாங்கிப் போடுவதைவிட, அதற்கான தொகையை விலையில் கழித்துக்கொள்வது நேர்மையாகவும் லாபமாகவும் இருக்கும். டைமிங் பெல்ட் மாற்றும் கெடு நெருங்கியிருந்தாலும் இதே வழிதான். வொர்க்‌ஷாப்பிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். தெரியாத செலவை வாங்குபவர் எப்போதும் இரட்டிப்பாக்கித்தான் கணக்கிடுவார். தாளில் இருக்கும் தொகையை அப்படிப் பெருக்க முடியாது.

எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிந்தால் கருவி வைத்து அழித்துவிட்டு விற்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அழித்ததும் வண்டியின் கணினி தன் சுயபரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். அவை முடியச் சில நாள் ஓட்டமாவது வேண்டும். வாங்குபவர் அந்தக் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகினால் ‘பரிசோதனை முடியவில்லை’ என்று வரிசையாகக் காட்டும். நேற்றுதான் அழித்திருக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் குறை ஏதும் உங்கள் சேசிஸ் எண்ணுக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். தக்காதா நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வண்டிகள் அழைக்கப்பட்டன. அப்படிப்பட்ட குறைகளைப் பெரும்பாலும் இலவசமாகவே சரிசெய்து கொடுப்பார்கள்.

பார்க்க வருபவர் வரும்வரை இஞ்சினைப் போடாதீர்கள். தெரிந்தவர் முதலில் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் இது கிளம்பாதோ, புகை தள்ளுமோ என்று சந்தேகம் வரும். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் ஓட்டுநர் உரிமத்தைப் பாருங்கள், காப்பீடு செல்லுபடியாகிறதா என்று உறுதிசெய்யுங்கள், பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். அவர் தன் மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்றால் மகிழ்ச்சியோடு சரி சொல்லுங்கள். இத்தனை தயாரிப்புக்குப் பிறகு அந்த மெக்கானிக்தான் உங்களுக்குச் சிறந்த விற்பனையாளர்.

தொலைபேசியிலேயே ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்பவர்களிடம் பேரத்தைத் தொடங்காதீர்கள். வண்டியைப் பார்த்த பிறகு பேசலாம் என்பதோடு நிறுத்துங்கள். பாதிப்பேர் வர மாட்டார்கள்; வராதது நல்லது. விளம்பரங்களில் இருப்பது கேட்கும் விலை என்பதையும் மறக்க வேண்டாம். அதே ஆண்டு, அதே மாடல் வண்டிகளில் எவை சில நாட்களில் காணாமல் போகின்றன, எவை மாதக்கணக்கில் கிடக்கின்றன என்று இரண்டு மூன்று வாரம் கவனித்தால் உண்மை விலை பிடிபடும். கேட்ட விலைக்கு மேல் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பவர் மோசடிக்காரர். பணம் அனுப்பியதாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்ததை நீங்களே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

பெயர் மாற்றத்தை வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை அபராதமும் சுங்கமும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விபத்து நடந்தால் முதல் அழைப்பும் உங்களுக்குத்தான். விற்ற தேதியையும் நேரத்தையும் ஓடோமீட்டர் அளவையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மாற்றம் முடிந்த பிறகே காப்பீட்டை ரத்து செய்யுங்கள்.

இரண்டாவது சாவி, சக்கரப் பூட்டு நட்டின் சாவி, ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். சக்கரப் பூட்டுச் சாவி எங்கே என்று விற்கும் நாளில் வீட்டையே புரட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. வண்டியின் திரையில் சேமித்திருக்கும் தொலைபேசிப் பட்டியல், ‘வீடு’ என்று பதிந்த முகவரி ஆகியவற்றை அழியுங்கள். கைபேசிச் செயலியோடு இணைந்த வண்டி என்றால் அதிலிருந்து உங்கள் கணக்கை நீக்குங்கள். நண்பர் ஒருவர் அதை மறந்துவிட்டார். விற்று நான்கு மாதம் ஆன பிறகும், புதிய உரிமையாளரின் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று அவருடைய கைபேசி ராத்திரி தவறாமல் காட்டிக்கொண்டிருந்தது.